ஃபார்மட் பண்ணிரலாமுங்க!

பி.காம் படிக்கிற புள்ளைக்குக் கம்ப்யூட்டரையும் கேமராவையும் பத்தி எழுத என்ன தகுதின்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். தகுதி எதுவும் இல்லை. வீட்டில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருக்கு, அதைவிடப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல ஒண்ணை சரி பண்ணப் போய், திரும்பக் கிடைக்காத ஒரு விஷயத்தைத் தொலைச்சோம். அந்தக் கடுப்புதான் தகுதி. செமஸ்டர் லீவுல உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க :-)

முதல்ல கதை.

போன வருஷம் எங்க அமுச்சி தவறிட்டாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: அம்மாவோட அம்மாவைக் கொங்கு நாட்டுல அமுச்சின்னு கூப்பிடுவோம்.) காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும். தேடிப் பார்த்தா ஒரு படத்துலயும் அமுச்சி சிரிக்கலை. கேமராவைக் கண்டாலே போலீஸ்காரர் முன்னாடி நிக்கற மாதிரி விறைச்சுக்குவாங்க. ஆதார் கார்டு படம் அதைவிட மோசம். அப்பத்தான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "2011ல நம்ம கிரகப்பிரவேசத்துல பால் காய்ச்சறப்ப ஒண்ணு எடுத்தமே, வெத்தலை வாயோட சிரிச்சிட்டு நிப்பாங்களே, அது அந்தக் குட்டிக் கேமராவுல இருக்கும்."

பீரோவில் கிடந்த கேமராவை எடுத்துப் பேட்டரி போட்டோம். ஆன் ஆச்சு. ஆனா திரையில் "கார்டு எர்ரர், ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. அப்பா எதையும் அமுக்காம நேரா ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கார்டைக் கழட்டிப் பார்த்தார், திரும்ப மாட்டினார். என்னைப் பார்க்காம அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "ஃபார்மட் பண்ணிரலாமுங்க, சரியாயிரும்." அப்பா "பண்ணுங்க" என்றார். அப்பாவுக்கு ஃபார்மட்டுன்னா வண்டிக்கு ஆயில் மாத்தற மாதிரி ஏதோ ஒரு சர்வீஸ். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. மேசை மேல ஓடிட்டிருந்த டேபிள் ஃபேனை ரெண்டு மூணு படம் எடுத்துக் காட்டி, "பாருங்க, சூப்பரா வருது" என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கிட்டார்.

கேமரா சரியாயிடுச்சு. படம் எல்லாம் போயிடுச்சு. ஆதார் படத்தையே பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டோம்.

கடைப் பேரைச் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அவர் மேல பயங்கரக் கோபம். இப்ப இல்லை. இப்ப இருக்கற கோபம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கற ஒரு பழக்கத்து மேல. என் கட்சி இதுதான்: நாம பழுது என்னன்னு கண்டுபிடிக்கறதே இல்லை. பழுது கண்ணுக்குத் தெரியாமப் போற மாதிரி எதையாவது ஒண்ணு பண்ணிட்டு, அதுக்கு ரிப்பேர்னு பேரு வெச்சிருக்கோம்.

தறி நின்னா அப்பா என்ன பண்ணுவார்?

எங்க ஊர் கருமத்தம்பட்டி. கோயமுத்தூர் - அவிநாசி ரோட்டில் இருக்கு. அந்தப் பக்கம் சோமனூர். சுத்தி எங்க பார்த்தாலும் விசைத்தறி. எங்க வீட்டை ஒட்டியே தறி குடோன். கூலிக்கு நெசவு. தறிச் சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.

ஒரு தறி நின்னுட்டா அப்பா என்ன பண்ணுவார்னு சின்ன வயசிலிருந்து பார்க்கறேன். முதல்ல பாவு இழை அறுந்திருக்கான்னு பார்ப்பார். இல்லைன்னா ஊடை. தார் தீர்ந்துடுச்சா, நாடா சரியா ஓடுதா, அப்புறம் பெல்ட், கடைசியா மோட்டார். ஒண்ணைத் தொட்டுட்டு தறியை ஓட்டிப் பார்ப்பார். சரியாகலைன்னா அடுத்தது. ஒருநாளும் "தறியையே கழட்டிப் போட்டுட்டுப் புதுசா மாட்டிரலாம்"னு சொன்னதில்லை. கம்ப்யூட்டர்ல ஃபார்மட்டுங்கறது கிட்டத்தட்ட அதுதான். பாவையே அறுத்துப் போட்டுட்டு, "இப்ப பாருங்க, இழை சிக்கல் இல்லை"ன்னு சொல்றது. சிக்கல் இல்லைதான், துணியும் இல்லையே!

தறிகிட்ட இவ்வளவு பொறுமையா இருக்கற அதே அப்பா, ஒரு சின்னக் கேமராகிட்ட பயந்துட்டார். அதுதான் எனக்கு ஆச்சரியம். இந்த மண்ணு அப்படிப்பட்ட மண்ணு இல்லைங்க. சூலூர் பக்கம் கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, முழுசாப் பிரிச்சுத் திரும்ப மாட்டினார்னு நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலயே கதை சொல்லிட்டாங்க. பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊர் கோயமுத்தூர். ஆனா திரையில் நாலு இங்கிலீஷ் வார்த்தை வந்துட்டா நம்ம கை நடுங்குது.

கடைக்காரர் பக்கத்து நியாயம்

இப்ப என் பாடத்துக்கு வர்றேன். (தூங்கிடாதீங்க, ரெண்டே பத்திதான்.)

சரக்குகளை ஒரு விதமாப் பிரிப்பாங்க. புடவை வாங்கறீங்க, வாங்கறதுக்கு முன்னாடியே தொட்டுப் பார்த்துத் தரம் தெரிஞ்சுக்கலாம். பிரியாணி வாங்கறீங்க, சாப்பிட்ட பிறகு தெரியும். இந்த ரெண்டையும் பிலிப் நெல்சன் என்பவர் 1970ல் பிரிச்சுக் காட்டினார். 1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்று ரெண்டு பேர் மூணாவதா ஒண்ணைச் சேர்த்தாங்க: வாங்கின பிறகும் தரம் தெரியாத சரக்கு. ரிப்பேர் அந்த வகை. கம்ப்யூட்டர் திரும்ப ஓடுது. ஆனா மாத்தின பாகத்தை மாத்த வேண்டிய அவசியம் இருந்ததா, சும்மா துடைச்சிருந்தாலே போதுமா, நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நோய் என்னன்னு சொல்றவரும் அவரே, மருந்து விக்கறவரும் அவரே.

சரி, அப்ப கடைக்காரர்தான் திருடரா? இல்லைங்க. நம்மளை நாமே கேட்டுப் பார்ப்போம். ஒருத்தர் ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாச் சோதிச்சு, "ஒண்ணுமில்லைங்க, ஒரு ஒயர் லூசா இருந்தது"ன்னு சொன்னா நூறு ரூபாய் குடுப்போமா? "சும்மா பாத்ததுக்கா காசு?"ன்னு சண்டைக்குப் போவோம். அதே ஆள் பத்து நிமிஷத்துல ஃபார்மட் பண்ணிக் குடுத்தா முந்நூறு ரூபாய் மறுபேச்சு இல்லாமக் குடுக்கறோம். அப்ப அவர் எதைப் பண்ணுவார்? கண்டுபிடிக்கற வேலைக்கு நாம விலையே வைக்கலை. விலை இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டாங்க. இது ஒழுக்கப் பிரச்சனை கம்மி, கணக்குப் பிரச்சனை ஜாஸ்தி.

அதனால என் முதல் கோரிக்கை நம்மகிட்டத்தான்: பார்த்துச் சொல்றதுக்குக் காசு குடுங்க. "என்ன பிரச்சனைன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணா, அதுக்குத் தனியாத் தந்துடறேன், சரி பண்றதை அப்புறம் முடிவு பண்ணலாம்"னு சொல்லிப் பாருங்க. பேச்சே மாறிடும்.

நம்ம ஊர் வியாதிகள், கைவைத்தியம்

கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாமளே பார்க்கக் கூடியது நிறைய இருக்கு. எல்லாம் நான் பட்டும், படிச்சும் தெரிஞ்சுக்கிட்டது.

1. கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கறப்பவே தானா அணைஞ்சு போகுதா? வைரஸ்னு முடிவு பண்ணாதீங்க. எங்க ஏரியால பாதிக்குப் பாதி பஞ்சுதான். தறியிலிருந்து பறக்கற பஞ்சுத் தூசு, பிராசஸர் மேல இருக்கற ஃபேனுக்கும் அதுக்குக் கீழ இருக்கற உலோகப் பட்டைகளுக்கும் நடுவுல மெத்தை மாதிரி படிஞ்சுக்கும். சூடு வெளிய போக வழியில்லை. ஒரு அளவுக்கு மேல சூடானா கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாத்திக்கத் தானா அணைஞ்சுக்கும். பிளக்கைப் புடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால புடிச்சுக்கிட்டு, காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால் எடுங்க. ஈரத்துணி கூடவே கூடாது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் எடுத்த பஞ்சுல ஒரு சின்னத் தலகாணி தெச்சிருக்கலாம், ஹிஹி. ஒரே ஒரு எச்சரிக்கை: கரண்ட் வர்ற அந்த எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ளே இருக்கற கெப்பாசிட்டர்ல ஷாக் அடிக்கற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

2. ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்துது, திரையில் ஒண்ணும் வரலையா? முதல்ல மானிட்டர் ஒயரைப் பாருங்க. அப்புறம் ரேமைக் கழட்டி, அதோட தங்க நிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் லேசாத் துடைச்சு, ரெண்டு பக்கமும் கிளிக் ஆகற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. தொடறதுக்கு முன்னாடி கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கங்க, உடம்புல இருக்கற நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்காம இருக்க.

3. "நெட் வேலை செய்யலை, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைங்குது." மூலையில் தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னாடி காட்டுதா? அப்ப பிரச்சனை நெட்டுல இல்லை, மதர்போர்டுல இருக்கற சிஆர் 2032 என்ற வட்டப் பேட்டரியில. வெப்சைட்டுகளோட பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்க கம்ப்யூட்டர் பழைய காலத்துல இருந்தா, அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லைன்னு நினைச்சுக்கும். சில பத்து ரூபாய்ப் பேட்டரி. இதுக்கு மதர்போர்டையே மாத்தினவங்களை எனக்குத் தெரியும்.

4. கேமரா ரெண்டு படம் எடுத்ததும் அணைஞ்சு போகுதா? பென்சில் பேட்டரி போடற கேமராவா இருந்தா, கடிகாரத்துக்குப் போடற சாதாரணப் பேட்டரி போட்டிருப்பீங்க. லென்ஸ் நகர, ஃபிளாஷ் ஏற ஒரே நேரத்துல நிறைய மின்சாரம் வேணும். சாதாரணப் பேட்டரியால அது முடியாது. சார்ஜ் பண்ணக் கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்க. அதுல 1.2 வோல்ட்னுதான் எழுதியிருக்கும், ஆனா வேகமா மின்சாரம் குடுக்கும்.

5. இப்ப காலேஜ்ல பழைய டிஜிட்டல் கேமரா திரும்ப ஃபேஷன் ஆயிடுச்சு. அப்பா அம்மா கேமராவைத் தூசு தட்டி எடுத்துட்டு வர்றாங்க. 64 ஜிபி கார்டு வாங்கிப் போட்டுட்டு "எர்ரர் வருது, கேமரா போச்சு"ங்கறாங்க. போகலை. 2 ஜிபிக்கு மேல போற எஸ்டிஎச்சி கார்டு 2006ல் வந்தது. 32 ஜிபிக்கு மேல போற எஸ்டிஎக்ஸ்சி 2009ல் வந்தது. அதுக்கு முன்னாடி செஞ்ச கேமராவுக்கு அந்த மொழியே தெரியாது. சின்னக் கார்டு போடுங்க. அதோட, கார்டு ஓரத்துல ஒரு குட்டிப் பூட்டுப் பொத்தான் இருக்கும், அது கீழ இறங்கியிருந்தாலும் படம் பதியாது.

6. ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக்னு சத்தம் வருதா? எதையும் சோதிக்காதீங்க, திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. முதல் வேலை உள்ள இருக்கறதைக் காப்பி எடுக்கறது. வைத்தியம் எல்லாம் அப்புறம்.

7. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முதல்ல வந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. போலி நம்பர்கள் நிறைய. "இந்த ஆப்பை இறக்குங்க, நாங்களே உங்க திரையைப் பார்த்துச் சரி பண்றோம்"னு சொன்னா உடனே போனை வெச்சிடுங்க. பொட்டி வாங்கினப்ப வந்த பேப்பர்லயோ, கம்பெனியோட சொந்தத் தளத்துலயோ இருக்கற நம்பர்தான் நம்பர்.

இந்த ஏழுக்கும் பொதுவான விதி ஒண்ணே ஒண்ணு. அப்பாவோட தறி விதி: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, ஓட்டிப் பாரு. எங்க கேமரா விஷயத்துல கடைக்காரர் ரெண்டு வேலை சேர்த்துச் செஞ்சார். கார்டைக் கழட்டி மாட்டினார், ஃபார்மட்டும் பண்ணினார். பல வருஷம் பீரோவில் கிடந்த கேமரா. கார்டு போற ஓட்டையில தூசு இருந்து, கழட்டி மாட்டினதிலேயே சரியாகியிருக்கலாம். மாட்டின உடனே ஒரு தரம் ஆன் பண்ணிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே தெரியவே தெரியாது.

"பழசைத் தூக்கிப் போடு"ங்கறவங்களுக்கு

"இதுக்கெல்லாம் எதுக்கு மெனக்கெடணும், புதுசு வாங்கிட்டாப் போச்சு"ன்னு ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னா. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சப்ப நிறையப் பேர் இதையேதான் சொன்னாங்க. விண்டோஸ் 11 பழைய பொட்டிகள் நிறையத்துல அதிகாரபூர்வமா ஏறாது. ஆனா லினக்ஸ் ஏறும். டைப் அடிக்க, நெட் பார்க்க, படம் சேமிக்க அது போதும். 2011ல் ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்த லேப்டாப்பிலேயே லினக்ஸும் இருந்தது, நாமதான் திரும்பிக்கூடப் பார்க்கலை. புதுசு வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும். எங்க தெருவுல கூலி ஏறாத தறிக்காரர் வீட்டுல, ஒரு பொட்டி இன்னும் மூணு வருஷம் ஓடினா ஒரு புள்ளையோட டிகிரி முடிஞ்சுடும்.

அரசாங்கமும் இப்ப கொஞ்சம் நம்ம பக்கம் பேச ஆரம்பிச்சிருக்கு. பழுது பார்க்கும் உரிமைக்குன்னு மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு இணையதளம் தொடங்கிச்சு. 2019ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாட்டுக்கும் புகார் குடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனா புகார் குடுக்கறதுக்குக் கையில ரசீது வேணும். அதனால கடையில் கேட்க வேண்டியது நாலு: என்ன சோதிச்சீங்க? மாத்தின பழைய பாகத்தைக் குடுங்க. பில் குடுங்க. உள்ளே இருக்கற ஃபைலுக்கு என்ன ஆகும்?

நாலாவது கேள்விதான் உயிர். கேமரா வேற, படம் வேற. 1975ல் கோடாக் கம்பெனியில ஸ்டீவ் சாசன் செஞ்ச முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட்டுல பதிய 23 வினாடி எடுத்துக்கிச்சாம். அன்னைக்கே படம் எடுக்கறது ஒரு பெட்டி, சேமிக்கறது வேற ஒரு சமாச்சாரம். கேமராவை எப்ப வேணும்னாலும் ரிப்பேர் பண்ணலாம். முதல்ல கார்டைக் கழட்டிப் பத்திரமா எடுத்து வெச்சுட்டுக் கேமராவை மட்டும் கடைக்குக் குடுங்க. இந்த ஒரு வரி அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

கடைசியா

அந்தக் கார்டை அதுக்கப்புறம் யாரும் தொடலை. மனசு வரலை. ஆறு மாசம் கழிச்சுத்தான் ஒரு விஷயம் படிச்சேன். சாதாரண ஃபார்மட் படத்தை அழிக்கறதில்லை, படம் எங்க இருக்குங்கற பொருளடக்கத்தை மட்டும்தான் அழிக்குது. அதே இடத்துல புதுசா ஒண்ணு எழுதற வரைக்கும் பழசு அங்கேயே கிடக்கும். (எல்லாக் கேமராவும் அப்படி இல்லை, சிலது முழுசா அழிச்சிடும். நம்பி விளையாடாதீங்க.) கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதின ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பொருளடக்கத்தை நம்பாம ஒவ்வொரு பக்கமாப் புரட்டி, "இங்க ஒரு படம் ஆரம்பிக்குது"ங்கற அடையாளத்தை வெச்சுத் தேடும். ஃபைல் பேரெல்லாம் போயிடும், படம் வரும். மீட்ட படங்களை அதே கார்டுல சேமிக்கக் கூடாது, கம்ப்யூட்டர்லதான் சேமிக்கணும்.

ராத்திரி உக்காந்து ஓட்டினேன். படங்கள் ஒவ்வொண்ணா வந்து விழுந்தது. பந்தி வந்தது. வாசல்ல வாழைமரம் வந்தது. ஏழு வயசுல முன்பல் இல்லாம நான் வந்தேன். அம்மாவை எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். கிட்டத்தட்ட எல்லாமே வந்துடுச்சு.

பால் காய்ச்சினது மட்டும் வரலை. விடிகாலைல எடுத்தது, கார்டுல முதல் ரெண்டு மூணு படம் அதுதான். ஃபார்மட் பண்ணின பிறகு கேமரா பெரும்பாலும் முதல் இடத்துலருந்துதான் எழுத ஆரம்பிக்கும். கடைக்காரர் "சூப்பரா வருது"ன்னு காட்ட எடுத்தாரே, அந்தப் படங்கள் அங்கதான் உக்காந்துக்கிச்சு. அமுச்சி சிரிச்ச இடத்துல இப்ப ஒரு டேபிள் ஃபேன் ஓடிட்டிருக்கு.

பந்திப் படம் ஒண்ணுல ஓரமா அமுச்சி நிக்கறாங்க, யாருக்கோ எலையைக் கை காட்டிக்கிட்டு. கேமராவைக் கவனிக்கலை. அதனால முகம் இயல்பா இருக்கு. அதை வெட்டிப் பெருசு பண்ணி ஆதார் படத்துக்குப் பதிலா மாட்டியிருக்கோம். கொஞ்சம் கலங்கலா இருக்கு. அம்மா "போதும் கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க.

போதாதுங்க. அதனாலதான் கேக்கறேன்: இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு பீரோவைத் திறந்து பழைய கார்டு, பழைய ஹார்ட் டிஸ்க், பழைய சிடி ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வையுங்க. அடுத்த தடவை யாராவது "ஃபார்மட் பண்ணிரலாமுங்க"ன்னு சொன்னா, "இருங்கண்ணா, ஒரு நிமிஷம்"னு சொல்லுங்க. நான் அன்னைக்குச் சொல்லாம விட்ட வார்த்தை அதுதான்.

டிஸ்கி: பஞ்சு எடுக்கறேன்னு யாராவது ஃபேன் ரெக்கையை உடைச்சா கம்பெனி பொறுப்பாகாது :-)